அம்மாக்கண்ணுவின் பாட்டுக்கு அப்புறம்

மார்கழிப் பனி மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டை விட்டுச் சீக்கிரம் போகாது. சாமைத் தாள் வெயில் கண்டு மொறுமொறுப்பானால்தான் களத்தில் போரடிக்க மாடு கட்ட முடியும். அதுவரைக்கும் ஊரில் எல்லோருக்கும் கை சும்மா இருக்கும். தனசேகரனிடம் ரிப்பேருக்கு ஆள் வருவது அந்த நேரத்தில்தான்.

கடை என்று தனியாக ஒன்றும் இல்லை. வீட்டு முகப்பில் தகரம் சாய்த்து இறக்கிய ஒரு மறைப்பு. உள்ளே ஒரு மேசை, பற்றவைக்கும் சூட்டுக்கோல், மீட்டர், ஒரு டார்ச். வேலூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மலைக்கே திரும்பியவன் அவன். போன், டார்ச், டி.வி. பெட்டி, எது வந்தாலும் பார்ப்பான். முன்பு பேசிக்கொண்டே பார்ப்பான். இப்போது பேசுவதில்லை. வந்தவர்கள் சாமானை வைத்துவிட்டு, என்ன கோளாறு என்று சொல்லிவிட்டு, அவன் அப்பா லட்சுமணனிடம் போய் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு வந்தவள் எதிர்மேட்டு வீட்டுக் கன்னியம்மாள். தகரத்துக்கு வெளியிலேயே நின்றாள். போன பங்குனிக்கு அப்புறம் அந்த வீட்டு ஆள் யாரும் இந்த வாசல் பக்கம் வந்தது கிடையாது.

"மாப்ள" என்றாள். "உன்னாண்ட வரக்கூடாதுதான். வேற ஆளு இல்ல மலையில."

முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசை மேல் ஒன்றை வைத்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பாட்டுப் பிளேயர். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். ஜீப் புதிதாக வாங்கின காலத்தில் அவள் புருஷன் ராஜாக்கண்ணு வேலூரில் வாங்கிவந்து, வண்டியின் ஸ்பீக்கரோடு ஒயர் கோத்துத் தொங்கவிட்டிருந்தது அது. மலையில் எல்லோரும் அதன் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் சந்தைக்குப் போய் வந்தார்கள். தனசேகரனின் பெண்டாட்டி கவியாவும் தாலி கட்டிக்கொண்டு வந்த அன்று அந்தப் பாட்டைக் கேட்டபடிதான் மலை ஏறினாள்.

மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் தவறி விழுந்துவிட்டது, அதிலிருந்து உயிரே இல்லை என்றாள் கன்னியம்மாள். பாட்டெல்லாம் போனால் போகட்டும். மாமியார் அம்மாக்கண்ணு ஒரு அறுப்பில் பாடினதை ராஜாக்கண்ணு அதில் பிடித்து வைத்திருக்கிறான். கிழவி போய் இந்த மார்கழியோடு வருஷம் ஆகிறது. படையலன்று அதை மைக்கில் போடுவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான். கண்ணமங்கலத்திலிருந்து மைக்செட்டுக்காரன் வரப்போகிறான்.

"பாட்டு கூட இல்ல கண்ணு. கடைசில அவுரு பேர சொல்லிக் கூப்புடுவாங்க. அதுக்குத்தான் ஏங்கிப் போயி கீறாரு. ராவெல்லாம் இத்த தட்டித் தட்டிப் பாக்கறாரு."

தனசேகரன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"வச்சிட்டுப் போ" என்றான்.

அவள் பையிலிருந்து ஒரு கை அவரைக்காய் எடுத்து மேசை ஓரம் வைத்தாள். அவன் அதையும் பார்த்தான். அவளாகவே திரும்ப எடுத்துக்கொண்டாள்.

*

போன பங்குனியில் நடந்தது ஊருக்குப் பாதிதான் தெரியும்.

புளி உலுக்கும் காலம். கவியாவுக்கு மாதம் நிறையவில்லை. மத்தியானம் திடீரென்று ரத்தம் போக ஆரம்பித்தது. போனில் சிக்னல் இல்லை. தனசேகரன் எதிர்மேட்டுக்கு ஓடினான். ராஜாக்கண்ணுவின் ஜீப்பில் புளி மூட்டை அடைத்து, கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மூட்டையை இறக்கு என்றான். சாயங்காலத்துக்குள் மண்டியில் சேர்க்க வேண்டும், சேர்த்துவிட்டு வெறும் வண்டியோடு வந்து கூட்டிப்போகிறேன் என்றான் ராஜாக்கண்ணு. வாதாட நேரமில்லை. டோலி கட்ட மூங்கிலுக்கும் அப்பாவுக்குமாகத் தனசேகரன் கொல்லைப் பக்கம் ஓடினான். மூங்கிலோடு அவர்கள் வீட்டுக்கு வந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது. கவியா வீட்டில் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே எதிர்மேடு வரைக்கும் நடந்து போயிருக்கிறாள். டயர் தடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போர்வையில் கட்டி, அப்பாவும் பிள்ளையும் தூக்கிக்கொண்டு அமிர்தி வழியே இறங்கினார்கள். பாதி வழியில் லட்சுமணன், "பாரம் மாறிப்போச்சிடா" என்று நின்றுவிட்டார்.

கவியாவைப் புதைத்த மறுநாள் வேடியப்பன் கோயில் முன்னால் ஊர் கூடியது. என்னிடம் யாரும் வந்து சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் உயிரைக் கொடுத்தாவது கொண்டுபோயிருப்பேன் என்றான் ராஜாக்கண்ணு. கன்னியம்மாள் தலை குனிந்திருந்தாள். மூட்டை ஏற்றினவர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஜீப் இல்லாமல் மலையில் ஒருவருக்கும் பிழைப்பு இல்லை. சந்தைக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். ஊர் அவனை நம்பியது. அதாவது, நம்புவது என்று முடிவுசெய்தது.

வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குப் படையல் கிடையாது. பேரையும் சொல்லமாட்டார்கள். சொன்னால் வந்து நிற்பாள் என்று பயம். அவளுக்கென்று வழியோரம் ஒரு சுமைதாங்கிக் கல் நடுவார்கள். போகிறவர்கள் தலைச்சுமையை அதன் மேல் இறக்கி வைத்து இளைப்பாறினால், அவள் இறக்காமல் போன சுமை ஆறும் என்பார்கள். லட்சுமணனும் நட்டார். ஆனால் ஜீப் வந்த பிறகு மலையில் தலைச்சுமை தூக்குகிறவர் யார்? கல் சும்மா நின்றது. ஜீப் அதைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தது.

*

பிளேயரைத் தனசேகரன் அன்றைக்கே பிரித்தான்.

பேட்டரி பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. கழற்றிப் போட்டான். உள்ளே கழுநீர் காய்ந்து தவிட்டுப் பொருக்காகப் படிந்திருந்தது. செம்பு இருந்த இடமெல்லாம் பச்சை. பழைய பல் பிரஷ்ஷைத் தின்னரில் தொட்டு, பொருக்கு நீங்கத் தேய்த்தான். இரண்டு கம்பிக் கால்கள் பற்று விட்டுப்போயிருந்தன, பற்றவைத்தான். வெளியிலிருந்து கரண்டு கொடுத்துப் பார்த்ததும் திரை பளிச்சென்றது.

பாட்டுப் பேர்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, எண் மட்டும் போட்ட ஒரு பதிவு. அழுத்தினான். பச்சைக் கோடுகள் எழுந்து எழுந்து விழுந்தன. பாட்டு ஓடியது. சத்தம் மட்டும் இல்லை.

ஸ்பீக்கர் போயிருக்கும் என்று மீட்டர் முனையால் தொட்டான். கர்ரென்றது, அது நன்றாக இருந்தது. ஒயரும் முழுசாகத்தான் இருந்தது. அப்படியானால் ஓடுகிற பாட்டு எங்கே போகிறது? காதில் மாட்டும் ஒயரைச் செருகிப் பார்த்தான். முழுக்க இறங்கவில்லை. துளைக்குள் டார்ச் அடித்தான்.

அடியில் ஒரு சாமை மணி, உமியோடு.

தண்ணீரில் விழுந்ததை அரிசிப் பானையில் போட்டுவைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும் என்று கீழே யாரோ சொல்லியிருப்பார்கள். இவர்கள் பானையில் இருப்பது சாமை. அரிசி அந்தத் துளைக்குள் போகாது, சாமை போகும். போய், ஈரத்தில் ஊறி, உள்ளேயிருக்கும் தகட்டைத் தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது. காது ஒயர் செருகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிளேயர் சத்தத்தை எல்லாம் அந்தத் துளைக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. கிழவி இத்தனை நாளும் உள்ளே பாடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஊசி முனையை வளைத்து மணியை எடுத்தான். அம்மாக்கண்ணுவின் குரல் தகரத்தில் மோதியது.

"சாமை வெளஞ்சிருக்கு சரிவெல்லாம் பழுத்திருக்கு
ஆம வேகத்துல அறுப்பாளு வருகுதடி..."

கூட யாரோ சிரிக்கிறார்கள். அரிவாள் சத்தம், எருமை கத்துகிற சத்தம். கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டு, "டேய் ராஜாக்கண்ணு, போதும்டா. எரும கத்துது பாரு. அவுத்து வுடு போ" என்றாள். நேற்றுச் சொன்னது மாதிரி இருந்தது.

தனசேகரனின் அம்மா மங்கம்மாள் முறமும் கையுமாக வந்து நின்றிருந்தாள்.

"அது அவன் ஆயி கொரலு தானே?"

"ஆமா."

"அவன் ஆயி கொரலு அவனுக்கு வோணுமா? எம் மருமவ கொரலு எங்கடா?"

 ஊரார் போனையெல்லாம் சரிபண்ணுகிறவன் தன் போனில் அவள் குரலை ஒரு தடவை கூடப் பிடித்து வைக்கவில்லை. கூப்பிட்டால் பக்கத்து அறையிலிருந்து வருகிற குரலை யார் பிடித்து வைப்பார்கள்?

"அழிச்சிடு" என்றாள் மங்கம்மாள். "தண்ணியில போச்சின்னு சொல்லு. கேட்டா என்னாண்ட வரச் சொல்லு, நான் சொல்றேன்."

அவன் பதிவின் மேல் நிறுத்தி நடுப் பொத்தானை அழுத்திப் பிடித்தான். அழிக்கலாமா என்று திரை கேட்டது. கட்டைவிரல் அங்கேயே இருந்தது. திரை தானாக அணையும் வரைக்கும் இருந்தது.

அழித்தால் ராஜாக்கண்ணு ஒரு நாள் அழுவான். அப்புறம் மறந்துவிட்டு ஜீப் ஓட்டுவான். அது போதாது.

தனசேகரன் சாமை மணியை விரல் நுனியில் எடுத்தான். திரும்பத் துளைக்குள் போட்டு, ஊசியால் அதே இடத்தில் தள்ளி வைத்தான்.

*

மறுநாள் ராஜாக்கண்ணுவே வந்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. களத்தில் தாளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்திருந்தான் தனசேகரன். லட்சுமணன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்தவனை வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

"உயிரு வந்துச்சா மாப்ள?"

தனசேகரன் ஓடவிட்டுக் காட்டினான். கோடுகள் எழுந்து விழுந்தன. ராஜாக்கண்ணு காதோடு வைத்துக் கேட்டான். இந்தக் காது, அந்தக் காது. முகம் சுருங்கியது.

"ஒண்ணும் கேக்கலியே."

"கொரலு உள்ள கீது. நான் கேட்டேன். கடைசில உன் பேரச் சொல்லுது."

ராஜாக்கண்ணு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எனுக்கு போடு மாப்ள. உன் கால்ல வுழறேன்."

"கால்ல வுழ வாணாம். ஒண்ணு சொன்னா போதும். இதுல பிடிக்கற மைக்கு கீது. அன்னிக்கி நடந்தத சொல்லு. கோயிலாண்ட சொன்னது இல்ல. நடந்தது."

தூறல் தகரத்தில் சடசடத்தது. ராஜாக்கண்ணு மேசையை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தான். பிறகு, "ஊருக்குப் போட்டுக் காட்டி என்னிய அசிங்கப்படுத்தத்தானே?" என்றான்.

"நான் யாருக்கும் போடமாட்டேன்."

"வேடியப்பன் மேல சொல்லு."

"வேடியப்பன் மேல சத்தியமா நான் போடமாட்டேன். எனுக்கு நீ சொல்லணும். அவ்ளோதான்."

சொல்லும்போது அவன் அதை அப்படியேதான் நினைத்தான்.

பொத்தானை அழுத்தி மேசை நடுவில் வைத்தான். சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான் ராஜாக்கண்ணு பேசறேன்" என்று ஆரம்பித்தான். "போன பங்குனில லட்சுமணன் வூட்டு மருமவ..."

"பேரச் சொல்லு."

"வாணாம் மாப்ள. வயித்தோட போனவ. பேரு சொல்லக்கூடாது."

"சொல்லு."

"கவியா." சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். "கவியா என் வண்டியாண்ட வந்தா. அதுக்கு முன்னாலயே இவன் வந்து சொன்னான். கோயிலாண்ட யாரும் சொல்லலன்னு சொன்னேன். அது பொய்யி. வண்டில புளி ஏத்தி இருந்துச்சி. எறக்க ஆளில்லன்னு... இல்ல, ஆளு இருந்தாங்க. எறக்கினா மறுபடி ஏத்தி கட்டோணும். மண்டி மூடிடுவான். இவன் போனப்புறம் அவ வந்தா. நடந்தே வந்தா. டயராண்ட குந்திகினா."

நிறுத்தினான். அத்தோடு முடிந்தது என்றுதான் தனசேகரன் நினைத்தான். கையை நீட்டினான். ஆனால் ராஜாக்கண்ணு விளக்கையே பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காததைச் சொன்னான்.

"மாமா, எறக்க வாணாம், மூட்ட மேலியே படுத்துக்கறேன்னு சொன்னா. புளியில ரத்தம் பட்டா மண்டிக்காரன் வாங்கமாட்டான்னு சொன்னேன். சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன்."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தனசேகரன் அதை அணைத்தான். 

"காலைல வா" என்றான். "சத்தம் வரவச்சி வைக்கறேன்."

*

ராஜாக்கண்ணு போனதும் மேசை முன்னால் உட்கார்ந்தவன், விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பழைய சினிமாப் பாட்டுகளையெல்லாம் துடைத்துவிட்டான். இரண்டு பதிவுகளை மட்டும் விட்டான். முதலில் அம்மாக்கண்ணு, அடுத்தது அவள் மகன். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்தான். பிறகு பிளேயரைப் பிரித்து, நடுப் பொத்தானின் கால்களைச் சூடு காட்டிப் பெயர்த்தெடுத்தான். பக்கப் பொத்தான்களுக்கும் அப்படியே செய்தான்; மேலே தெரியும் பிளாஸ்டிக்கை மட்டும் விட்டுவைத்தான். இனி நிறுத்தவும் முடியாது, தாண்டவும் முடியாது, அழிக்கவும் முடியாது. பக்கவாட்டில் இருக்கும் சுவிட்சு ஒன்றுதான். தள்ளினால் அணையும். மறுபடி தள்ளினால் முதலிலிருந்து பாடும்.

கடைசியாக, வேலூரிலிருந்து வாங்கி வைத்திருந்ததில் பெரிய பேட்டரியாகப் பார்த்து எடுத்தான். புதுசு. மூடியில் அடங்கவில்லை. மூடியைக் கொஞ்சம் சுரண்டி, அடக்கினான்.

காலையில் ராஜாக்கண்ணு கன்னியம்மாளோடு வந்தான். தனசேகரன் அவர்கள் கண்ணெதிரே ஊசியை விட்டு மணியை எடுத்து ராஜாக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்தான்.

"இதான் கோளாறு."

"இன்னாது... சாமையா?" என்றாள் கன்னியம்மாள். "நான்தான் பானையில போட்டேன்."

சுவிட்சைத் தள்ளினான். கிழவி பாடினாள். ராஜாக்கண்ணு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கேட்டான். "டேய் ராஜாக்கண்ணு, போதும்டா" என்று வந்தபோது, "ஆயி" என்று முனகினான். உள்ளங்கையை மூடிக்கொண்டான், மணியோடு. கண்ணில் நீர் வழிய, சிரித்தான்.

பிளேயரில் ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம், "நான் ராஜாக்கண்ணு பேசறேன்."

அவன் பதறி நடுப் பொத்தானை அமுக்கினான். அது வெறும் பிளாஸ்டிக்காக அமுங்கி எழுந்தது. மறுபடி அமுக்கினான். பக்கத்துப் பொத்தான்களையும் அமுக்கினான். குரல் டயர் வரைக்கும் வந்துவிட்டது. கன்னியம்மாள்தான் வாங்கி, சுவிட்சைக் கண்டுபிடித்து அணைத்தாள்.

"இத்த எடுத்துடு மாப்ள."

"எடுக்க முடியாது. பொத்தான் போச்சி."

"வேற போடு."

"கெடைக்காது."

"வேடியப்பன் மேல சத்தியம் பண்ணியே."

"நான் போடமாட்டேன்னு சொன்னேன். இனிமே அது உன் கையில கீது. நீ போட்டா போடு, போடாட்டி போ."

கன்னியம்மாள் புருஷனைப் பார்க்காமல், "அன்னிக்கி நானும்தான் அங்க நின்னுகினு இருந்தேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. முதலில் இறங்கி நடந்தவள் அவள்தான்.

*

படையலன்று நல்ல வெயில். லட்சுமணன் வீட்டுக் களத்தில் மாடு கட்டியிருந்தார்கள். அழைப்பும் இல்லை, அழைத்தாலும் போகிறவர்கள் இல்லை. தனசேகரன் மாட்டை ஓட்டினான். லட்சுமணன் தாளைப் புரட்டினார். மங்கம்மாள் ஓரத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள்.

எதிர்மேட்டில் பந்தல் வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்துப் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அமிர்தியிலிருந்தும் கண்ணமங்கலத்திலிருந்தும் உறவு ஜனம் வந்திறங்கியிருந்தது. கிழவியின் குரலைப் போடாமல் இருக்க ராஜாக்கண்ணுவால் முடியாது. வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

பாட்டு எழும்பியது. சாமை வெளஞ்சிருக்கு சரிவெல்லாம் பழுத்திருக்கு. மலை முழுக்கக் கேட்டது. பாதியில் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. எருமை கத்துவதற்கு முன்னாலேயே அறுந்தது.

"இன்னாடா அது, கரண்டு போய்ப் போய் வருதா?" என்றார் லட்சுமணன்.

"இல்லப்பா" என்றான் தனசேகரன்.

மைக்செட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் குந்தியிருப்பது தெரிந்தது. வேட்டியின் புது வெள்ளை. யார் யாரோ வந்து அவனைக் கூப்பிட்டார்கள். தோளைத் தொட்டார்கள். மகன் வந்து கற்பூரம் காட்டினால்தான் படையல் எடுக்க முடியும். அவன் எழவில்லை. சுவிட்சிலிருந்து கையை எடுக்க முடியாமல் அங்கேயே இருந்தான். கிழவி பாடினாள், அறுந்தாள். பாடினாள், அறுந்தாள். பேரைச் சொல்லிக் கூப்பிடும் இடம் மட்டும் வரவே இல்லை. வரவிட்டால் அதற்கு அடுத்தது வரும்.

தனசேகரன் மாட்டை நிறுத்தி ஒவ்வொரு தடவையும் கேட்டான். அவனுக்குப் பசித்தது. பல மாதமாகப் பசி என்று ஒன்று தெரிந்ததில்லை.

கற்பூரத்தை வேறு யாரோ காட்டியிருக்க வேண்டும். பந்தலில் வரிசையாக இலை விழுந்தது. ஜனம் உட்கார்ந்தது. சாமைச் சோற்றின் வாசனையும் அவரைக்காய்க் குழம்பின் வாசனையும் காற்றில் இவ்வளவு தூரம் வந்தன. பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அறுகிற இடம் வந்தது, தாண்டியது. எருமை கத்தியது.

"டேய் ராஜாக்கண்ணு, போதும்டா" என்று அம்மாக்கண்ணு மலைக்கே கேட்கும்படி மகனைக் கூப்பிட்டாள். "அவுத்து வுடு போ."

வெள்ளை வேட்டி அசையவில்லை. கை மடியில் இருந்தது.

அப்புறம் ராஜாக்கண்ணுவின் குரல் குழாயிலிருந்து வந்தது. கவியா என்றது. கோயிலாண்ட சொன்னது பொய்யி என்றது. மங்கம்மாள் முறத்தைக் கீழே வைக்கவில்லை, புடைப்பதை மட்டும் நிறுத்தினாள். லட்சுமணன் தாள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூட்ட மேலியே படுத்துக்கறேன்னு சொன்னா. புளியில ரத்தம் பட்டா. அந்த வார்த்தைகள் அவர்கள் இருவருக்கும் புதுசு. தனசேகரன் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பந்தலில் முதலில் ஒருத்தி எழுந்தாள். இலையை மூடவில்லை, கை கழுவவில்லை. அப்புறம் அந்த வரிசையே எழுந்தது. சாவு வீட்டுப் படையலில் பாதி இலையில் எழுந்திருப்பதைவிட ஒரு வீட்டுக்குப் பெரிய தண்டனை மலையில் இல்லை. ஒருவர் பின் ஒருவராக ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். வெற்றிலைக்கு நிற்கவில்லை. அமிர்தி ஜனம் ஜீப்பில் ஏறவில்லை, நடந்து போனது. கன்னியம்மாள் இலைகளுக்கு நடுவே தனியாக நின்றாள்.

குழாயில் கொஞ்சம் மூச்சு இடைவெளி. பிறகு கிழவி முதலிலிருந்து பாட ஆரம்பித்தாள். இந்தத் தடவையும் யாரும் நிறுத்தவில்லை.

"எவ்ளோ நேரம்டா ஓடும் அது?" என்று கேட்டாள் மங்கம்மாள்.

"பேட்டரி புதுசும்மா" என்றான் தனசேகரன். "பொழுது சாயற வரைக்கும் தாங்கும்."

மாட்டை ஓட்டினான்.